தொட்டிக்குள் போனது எங்கே போயிற்று?

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், தலைவாசல் எந்தத் திசையில் அமைய வேண்டும், சமையலறை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று பல நாள் யோசிக்கிறார்கள். தரைக்கு எந்தக் கல், சன்னலுக்கு எந்த மரம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஆனால் வீட்டின் பின்புறத்தில் மண்ணுக்குள் புதைந்து, சிமெண்டுப் பலகையால் மூடப்பட்டு, அந்த வீடு உள்ளவரை இரவும் பகலும் வேலை செய்யப்போகிற ஒன்றைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. “அதெல்லாம் கொத்தனாருக்குத் தெரியும்” என்று விட்டுவிடுகிறோம். அதுதான் செப்டிக் தொட்டி.

இந்தத் தொட்டிக்குள் போவது கடைசியில் எங்கே போகிறது? பலரும் சொல்லும் விடை, “உள்ளேயே கரைந்து மறைந்துவிடும்” என்பதே. இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தொட்டியைத் திறந்ததே இல்லை என்று பெருமையோடு கூறுகிறவர்களும் உண்டு. இந்த நம்பிக்கை தானாக முளைத்ததன்று. அதற்குப் பிறந்த ஊர் உண்டு. பிறந்த காலமும் உண்டு. அதை முதலில் பரப்பியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். கண்ணால் கண்டதை நம்பிய திறமைசாலிகள். அவர்கள் கண்டது பாதி உண்மை. மீதிப் பாதி வெளிப்பட்ட கதைதான் செப்டிக் தொட்டியின் வரலாறு. அந்தப் பாதியை மறந்ததற்காக இன்றும் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழிகளின் காலம்

வீட்டுக் கழிவை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழைமையானது. சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோ நகரத்தின் வீடுகளில் குளியலறை நீர் செங்கல் வடிகால் வழியாகத் தெருவுக்குச் சென்றது. இடையிடையே கசடு தங்குவதற்குக் குழிகளும் அமைத்திருந்தார்கள். ஆயினும் பிற்கால நகரங்கள் பலவற்றில் மக்கள் நம்பியிருந்தது வெறும் மலக்குழியைத்தான். வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ ஒரு குழி. அது நிறைந்தால் இரவில் ஆட்கள் வந்து அள்ளிச் செல்வார்கள். லண்டனிலும் பாரிசிலும் இதுவே வழக்கம்.

19-ஆம் நூற்றாண்டில் நீரூற்றிக் கழுவும் கழிப்பறை பரவியபோது இந்த ஏற்பாடு நிலைகுலைந்தது. முன்பு கெட்டியான கழிவை மட்டும் ஏற்ற குழிகளில் இப்போது குடம் குடமாகத் தண்ணீர் சேர்ந்தது. குழிகள் விரைவில் நிறைந்து வழிந்தன. சுவர் வழியே கசிந்தன.

கசிவு என்ன செய்யும் என்பதை 1854-ஆம் ஆண்டு லண்டன் கண்டது. பிராடு தெருவிலும் அதைச் சுற்றியும் காலரா பரவி, சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தெருக் குழாயின் தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாத பகுதி அடுத்த ஆண்டு நடந்தது. அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், நோய் தொடங்குவதற்குச் சற்று முன்பு 40-ஆம் எண் வீட்டில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் அவ்வீட்டு மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டறிந்தார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது அதன் செங்கற்களுக்கிடையே இருந்த சாந்து இற்றுப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் மூன்றடிக்கும் குறைவு!

1858-ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே கலங்கச் செய்தது. பிறகு பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் லண்டனுக்குப் பெரும் பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். ஆனால் எல்லா ஊருக்கும் அத்தகைய சாக்கடை கட்ட முடியுமா? சாக்கடை எட்டாத வீடுகளுக்கு வழி என்ன? விடை பிரான்சிலிருந்து வந்தது.

வெசூல் நகரத்து வியப்பு

கிழக்குப் பிரான்சில் வெசூல் என்று ஒரு சிறு நகரம். அங்கே ஜான் லூயி மூராஸ் என்பவர், 1860-ஆம் ஆண்டையொட்டி, ஒரு வீட்டின் கழிப்பறைக் கழிவும் சமையலறைக் கழிவும் வந்து சேர ஒரு கட்டுமானத் தொட்டியை அமைத்தார். சாதாரண மலக்குழிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. கழிவைக் கொண்டுவரும் குழாயும், நிறைந்த நீரை வெளியேற்றும் குழாயும் தொட்டியிலுள்ள நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருந்தன. வெளிக்காற்று உள்ளே புகுவதற்கு வழியில்லை.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொட்டியைத் திறந்தார்கள். இத்தனை காலமும் ஒரு குடும்பத்தின் கழிவு முழுவதும் அதில் விழுந்திருக்கிறது. தொட்டி நிறைய மலம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு. திடப்பொருள் மிகக் குறைவாகவே இருந்தது. எஞ்சியது கலங்கல் நீர்தான்.

அறிவியல் செய்திகளை மக்களுக்கு எடுத்துச் சொல்லிவந்த பாதிரியார் மூவாஞோ இதில் ஆர்வம் கொண்டார். கண்ணாடிச் சுவருள்ள சிறு தொட்டி ஒன்றில் கழிவுகளை இட்டு, அவை நாளடைவில் நீர்த்துப்போவதை மூராஸ் காட்டினார். 1881-ஆம் ஆண்டில் இந்தத் தொட்டிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. ‘தானே துப்புரவு செய்துகொள்ளும் கருவி’ என்ற பொருளில் அதற்குப் பெயரும் சூட்டினார்கள். நாம் தேடிவந்த நம்பிக்கை பிறந்த இடம் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

தொட்டிக்குள் நடந்தது என்ன? விடைக்கான திறவுகோலை லூயி பாஸ்டர் முன்பே தந்திருந்தார். சில நுண்ணுயிர்கள் பிராணவாயு இல்லாமலே வாழ்கின்றன என்றும், அவற்றிற்குப் பிராணவாயுவே நஞ்சு என்றும் 1861-ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்தார். மூராஸின் தொட்டிக்குள் வேலை செய்வது இந்த வகை உயிர்களாக இருக்கலாம் என்று மூவாஞோவின் இதழ் ஊகித்தது. ஊகம் சரியானதே.

மூடிய தொட்டிக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியுமானால் மூன்று அடுக்குகளைக் காண்போம். எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை போன்ற இலேசான பொருள்கள் மேலே மிதந்து, காய்ச்சிய பாலின் மேல் படர்வதுபோல ஓர் ஏடாகப் படரும். கனமானவை அடியில் கசடாகப் படியும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். இந்த நடு நீர் மட்டுமே வெளிக்குழாய் வழியே செல்ல வேண்டும். ஏடும் வெளியேறக்கூடாது; கசடும் வெளியேறக்கூடாது. குழாய்களின் வாயை ‘டி’ வடிவில் அமைத்து நீருக்குள் இறக்குவது இதற்காகவே.

அடியில் கிடக்கும் கசடுதான் நுண்ணுயிர்களின் உணவு. ஒரு கூட்டம் கெட்டிப் பொருள்களைக் கரைத்து அமிலங்களாக மாற்றுகிறது. இட்லி மாவு புளிக்கும்போது நடப்பதற்கு இது தூரத்து உறவு. வேறொரு கூட்டம் அந்த அமிலம் முதலியவற்றை மீத்தேனாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுகிறது. சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதுவே. இவ்வாறு கசடின் ஒரு பகுதி வாயுவாகிறது. ஒரு பகுதி நீரில் கரைகிறது.

‘ஒரு பகுதி’ என்பதைக் கவனிக்க வேண்டும். மணலும் சாம்பலும் தலைமயிரும் செரிப்பதில்லை. நாரும் கொழுப்பும் முழுமையாகச் செரிப்பதில்லை. மாண்ட நுண்ணுயிர்களின் உடல்களும் கசடோடு சேர்கின்றன. ஆகவே கசடு மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். நீரில் கரைந்ததும் மறைந்துவிடவில்லை, நீரோடு வெளியேறுகிறது. இந்த உண்மையைத் தொட்டியின் அடுத்த நாயகரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

எக்ஸிடர் நகரில் சூட்டிய பெயர்

இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தின் பொறியாளராக இருந்தவர் டொனால்டு கேமரான். அவர் ஒரு வீட்டுக்கு அன்றி, ஒரு குடியிருப்புக்கே இத்தகைய தொட்டி கட்டத் துணிந்தார். 1895-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1896-ஆம் ஆண்டில் பெல் ஐல் என்ற இடத்தில் தொட்டி இயங்கத் தொடங்கியது. 65 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட அந்த மூடிய தொட்டிக்குச் சுமார் 1500 பேரின் கழிவு வந்து சேர்ந்தது. தொட்டியிலிருந்து வெளிவந்த நீரைக் கேமரான் அப்படியே விட்டுவிடவில்லை. பக்கத்தில் வடிகட்டிப் படுகைகளையும் அமைத்து அவற்றின் வழியே செலுத்தினார்.

‘செப்டிக் தொட்டி’ என்ற பெயரைப் பரப்பியவர் கேமரானே. ‘செப்டிக்’ என்பது அழுகுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் இது துணிச்சலான பெயர். ஏனெனில் அழுகுதலுக்கு எதிரான ‘ஆன்டிசெப்டிக்’ முறையை ஜோசப் லிஸ்டர் 1867-ஆம் ஆண்டில் அறிவித்து, அறுவை மருத்துவத்தையே மாற்றியிருந்தார். மருத்துவர்கள் கிருமியைக் கொல்ல முனைந்த காலத்தில், ஒரு பொறியாளர் கிருமியை வேலைக்கு அமர்த்தினார்!

தொட்டியில் எழுந்த வாயுவைச் சேர்த்து எக்ஸிடரில் விளக்கு எரித்தார்கள். இந்தச் செய்தி நம் நாட்டுக்கும் விரைவில் வந்தது. பம்பாயில் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுத் தொட்டியிலிருந்து வாயு சேகரிக்கப்பட்டு, 1897-ஆம் ஆண்டில் எஞ்சின் ஓட்டப் பயன்பட்டது. இது 1859-ஆம் ஆண்டிலேயே நடந்ததாகப் பல நூல்கள் எழுதிவருகின்றன. அந்த இல்லமே 1890-ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் அது பொருந்தாது என்பது விளங்கும்.

புகழோடு வழக்கும் வந்தது. அமெரிக்காவில் செப்டிக் தொட்டி கட்டிய ஊர்களிடம் கேமரானின் நிறுவனம் உரிமைத் தொகை கேட்டது. சாரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின்மீது தொடுத்த வழக்கில் 1908-ஆம் ஆண்டு நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. நாக்ஸ்வில் நகரத்தோடு நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிரிட்டிஷ் காப்புரிமை முடிந்தபோதே அமெரிக்கக் காப்புரிமையும் முடிந்துவிட்டது என்று 1913-ஆம் ஆண்டு நீதிமன்றம் கூறியது. அதன்பின் செப்டிக் தொட்டி யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளும் பொதுச் சொத்தாயிற்று.

ஆணையம் சொன்ன உண்மை

தொட்டி கசடு முழுவதையும் தின்றுவிடும், நோய்க் கிருமிகளையும் அழித்துவிடும் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. இதையெல்லாம் சோதிக்கும் பணி, 1898-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அமைத்த கழிவுநீர் ஆணையத்திடம் வந்தது. பல ஊர்களின் தொட்டிகளை ஆராய்ந்த ஆணையம், 1908-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இரண்டு செய்திகளை எடுத்துரைத்தது. முதலாவது: செப்டிக் தொட்டி திடப்பொருள் அனைத்தையும் செரிப்பதில்லை. இரண்டாவது: தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில் கிருமிகள் உள்ளே வரும் கழிவுநீரில் இருப்பதைப்போலவே ஏறத்தாழ நிறைந்திருக்கின்றன.

இதே காலத்தில் நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி ஆற்றங்கரை நெடுகச் சணல் ஆலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்காக ஆலைகள் செப்டிக் தொட்டிகள் கட்டி, வெளிவரும் நீரை ஆற்றில் விட்டன. மக்கள் நீராடும், பருகும் ஆறு அது. எதிர்ப்பு எழுந்தது. 1906-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிலிருந்து கில்பர்ட் ஃபவுலர் என்ற வல்லுநரை வரவழைத்து அரசு ஆராயச் செய்தது. தொட்டி நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கலாம். அதனால் அது தூயதாகிவிடாது என்பதுதான் ஹூக்ளிக்கரை விவாதத்தின் சாரம். இந்த ஃபவுலர் பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மண் செய்யும் பாதி வேலை

அப்படியானால் மீதி வேலையைச் செய்வது யார்? மண்தான். எட்வர்டு ஃபிராங்க்லண்டு என்ற வேதியியலார் 1870-ஆம் ஆண்டையொட்டிக் கழிவுநீரை மண் நிரப்பிய குழல்களில் விட்டுவிட்டு ஊற்றிச் சோதித்தார். இடைவெளி கொடுத்து ஊற்றினால், அதாவது மண்ணின் துளைகளில் காற்றுப் புகும்படி விட்டால், நீர் வியக்கத்தக்க அளவு தூய்மையடைந்தது. இடைவிடாமல் ஊற்றினால் மண் அடைத்துக்கொண்டது. 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிர்களின் செயலே என்று காட்டினர். மண்ணில் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுவிட்டது! அந்த நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி தனியே பிரித்தெடுத்தார்.

ஆக, செப்டிக் அமைப்பு என்பது இரண்டு உறுப்புகள் கொண்டது. தொட்டிக்குள் காற்றை வெறுக்கும் உயிர்கள். மண்ணுக்குள் காற்றை விரும்பும் உயிர்கள். முதலாவது, கெட்டியானதைப் பிடித்து வைக்கிறது. இரண்டாவது, நீரைத் தூய்மை செய்கிறது. உறிஞ்சு குழியோ கசிவு வாய்க்காலோ இல்லாமல், தொட்டி நீரைத் தெருச் சாக்கடையில் விடுகிறவர் பாதி அமைப்பைத்தான் கட்டியிருக்கிறார். தொட்டி கட்டாமல் அடி திறந்த உறையை இறக்கிவிட்டு அதைச் செப்டிக் தொட்டி என்று சொல்கிறவரோ, பழைய மலக்குழிக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்.

எல்லா மண்ணும் ஒரே அளவு நீரை உறிஞ்சாது. மணலில் நீர் ஓடிவிடும், களிமண்ணில் நின்றுவிடும். இதை அளக்க 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயான் எளிய சோதனை ஒன்றை வகுத்தார். குழி தோண்டி, மண்ணை நன்றாக நனையவிட்டு, பிறகு நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்றும் பல நாடுகளின் விதிகளில் இந்தச் சோதனை இடம்பெற்றிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் நகருக்கு வெளியே புதிய குடியிருப்புகள் பெருகின. வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டி, பக்கத்திலேயே கிணறு. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் குழாயைத் திறந்தால் நுரை வந்தது. அப்போதைய சலவைத்தூளில் இருந்த பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களால் முடியவில்லை. தொட்டியையும் மண்ணையும் கடந்து அது கிணற்றுக்கு வந்துவிட்டது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சலவைத்தூள் தொழில் எளிதில் சிதையும் வேறு பொருளுக்கு மாறியது. நுரை கண்ணுக்குத் தெரிந்ததால் பிரச்சினையும் தெரிந்தது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நெருக்கமாகத் தொட்டிகள் உள்ள இடங்களில் அது நிலத்தடி நீரில் ஓசையின்றிச் சேரும். அளவு மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் ஆற்றலைக் குறைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தரவிதி.

நம் நாட்டு விதி சொல்வது

இந்தப் படிப்பினைகள் எல்லாம் சேர்ந்து உருவானதே செப்டிக் தொட்டிகளுக்கான இந்தியத் தரவிதி. அதன் எண் 2470. 1963-ஆம் ஆண்டு முதலில் வெளிவந்து, 1985-ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. வீடு கட்டுவோர் அறிய வேண்டியவை சில:

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம் உள்ள தொட்டி போதும். நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். இந்த அளவில் ஏறத்தாழ 1100 லிட்டர் கொள்ளும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாகக் கொண்டு வகுத்த அளவு இது என்பதை மறக்கலாகாது. தொட்டியின் நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். சதுரத் தொட்டியில் நீர் குறுக்கு வழியில் ஓடிவிடும். கசடு படிய நேரமிருக்காது.

தொட்டியின் அடித்தளமும் சுவர்களும் நீர் கசியாதவையாக இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் வெளிக்குழாய் மட்டம் வரை நீர் நிரப்பிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். மழைநீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. திடீரென்று பாயும் வெள்ளம் கசடைக் கலக்கி வெளியே தள்ளும். வாயு வெளியேற உயரமான காற்றுக்குழாய் வேண்டும். அதன் முனையில் கொசுவலை கட்ட வேண்டும்.

நீரை மண்ணுக்குள் விடும் இடம், கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்க வேண்டும். சோதனைக் குழியில் நீர் 25 மில்லிமீட்டர் இறங்க அரைமணிக்கு மேல் ஆகாவிட்டால் உறிஞ்சு குழி அமைக்கலாம். அரைமணி முதல் ஒரு மணி வரை ஆனால் நீளமான கசிவு வாய்க்கால் அமைப்பதே ஏற்றது. ஒரு மணிக்கு மேல் ஆனால் அந்த மண் இந்த வேலைக்கு உதவாது. வேறு வகை வடிகட்டி அமைக்க வேண்டும். நகரத்து மனையில் 60 அடிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீடுகள் நெருங்கி, வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறும் உள்ள இடத்தில் செப்டிக் தொட்டி நிரந்தரத் தீர்வாகாது. பாதாளச் சாக்கடைக்கு வழி தேடுவதே முறை.

தூளும் மருந்தும் வேண்டுமா?

தொட்டி தானே துப்புரவாகும் என்ற நம்பிக்கையின் தம்பி ஒன்று உண்டு. ‘இந்தத் தூளைப் போட்டால் கசடே எடுக்க வேண்டாம்’ என்ற விளம்பரம்தான் அது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1940-களின் பிற்பகுதி முதல் சின்சினாட்டி நகரில் செப்டிக் தொட்டிகளை விரிவாக ஆராய்ந்து, 1957-ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டது. இத்தகைய பொருள்கள் சுமார் 1200 சந்தைக்கு வந்திருப்பதாகவும், முறையான சோதனையில் பயன் தந்ததாக ஒன்றுகூட அறியப்படவில்லை என்றும் அது குறிப்பிட்டது. தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் நாம் அன்றாடம் அனுப்பும் கழிவிலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன. புதுத் தொட்டியைத் தொடங்கும்போது, பழைய தொட்டியின் செரித்த கசடு சிறிது இட்டால் வேலை விரைவில் தொடங்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது வேறு. சமையல் எண்ணெயையும் சோற்றையும் குப்பையையும் உள்ளே அனுப்பாமல் இருக்க வேண்டும். துணி, நெகிழித்தாள், குழந்தை அரைக்கச்சை ஆகியவை என்றைக்கும் செரிக்காதவை. அமிலமும் ஃபினாயிலும் மிகுதியாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் மடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் அளவுக்கேற்ப ஓராண்டு முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை லாரியை வரவழைத்துக் கசடை உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும். அப்போது சிறிதளவு கசடை அடியில் விட்டுவைக்கலாம். கழுவித் துடைக்க வேண்டியதில்லை.

இருபது ஆண்டுகள் திறக்காத தொட்டியில் நடப்பது என்ன? கசடு உயர்ந்து வெளிக்குழாயை எட்டிவிடுகிறது. நீர் தங்குவதற்கு இடமில்லை. அன்று விழுந்தது அன்றே கலங்கலாக வெளியேறி உறிஞ்சு குழியை அடைக்கிறது. தொட்டி வேலை செய்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அது வெறும் வாய்க்காலாக இருந்திருக்கிறது.

உள்ளே இறங்குகிறவர்

இவ்வாறு கெட்டிப்பட்ட தொட்டியைக் குழாயால் எளிதில் உறிஞ்ச முடியாது. அப்போது ஒரு மனிதர் அழைக்கப்படுகிறார். பெரும்பாலும் அவர் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்.

தொட்டியின் மேற்பரப்பு அமைதியாகவே இருக்கும். கம்பால் கசடைக் கலக்கியவுடன், சோடாப் புட்டியைக் குலுக்கித் திறந்ததுபோல, அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு பொங்கி எழுகிறது. அது காற்றைவிடக் கனமானது; குழியிலேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் கணமே மிகவும் ஆபத்தான கணம். சில மூச்சுகளிலேயே ஆள் மயங்கி விழலாம். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அவர்மேலேயே விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவர் மாளும் செய்திகளுக்கு இதுவே காரணம். விளக்கைக் கொளுத்திப் பார்ப்பதும் பாதுகாப்பாகாது. உள்ளே மீத்தேன் இருக்கிறது, தீப்பற்றி வெடிக்கும். பாதுகாப்பான ஒரே விதி, எவரும் இறங்கக்கூடாது என்பதே.

சட்டமும் அதையே சொல்கிறது. 1993-ஆம் ஆண்டின் சட்டம் உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்தது. 2013-ஆம் ஆண்டின் சட்டம், சாக்கடைகளையும் செப்டிக் தொட்டிகளையும் தகுந்த பாதுகாப்பின்றி ஆட்களை இறக்கித் துப்புரவு செய்ய வைப்பதையும் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டு அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆனாலும் இறப்புகள் நிற்கவில்லை.

லாரி எங்கே போகிறது?

உறிஞ்சி எடுத்த கசடு எங்கே போகிறது என்று கேட்டால்தான் நம் கேள்வி முழுமை பெறும். ஏரிக்கரையிலோ ஆற்றிலோ கொட்டினால், ஹூக்ளிக்கரைக் கதையையே மறுபடி எழுதுகிறோம். தமிழ்நாட்டில் இதற்கான நடைமுறை விதிகள் 2014-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அங்கே கசடு படுகைகளில் உலர்த்தப்படுகிறது; பிரிந்த நீர் தனியே சுத்திகரிக்கப்படுகிறது. லாரிக்காரரிடம் “எங்கே கொட்டுவீர்கள்?” என்று கேட்கும் உரிமையும் கடமையும் வீட்டுக்காரருக்கு உண்டு.

மூராஸ் திறந்த தொட்டியில் கழிவு பெருமளவு குறைந்திருந்தது உண்மை. அதன் ஒரு பகுதி வாயுவாயிற்று. ஒரு பகுதி நீரோடு மண்ணுக்குப் போயிற்று. எஞ்சியது அடியில் காத்திருந்தது. எதுவும் மறைந்துவிடவில்லை. செப்டிக் தொட்டி நமக்குத் தருவது விடுதலை அன்று, ஒரு தவணை. அந்தத் தவணையை நாள் தவறாமல் தீர்ப்பவர் ஒரு லாரிக்கு வாடகை கொடுக்கிறார். தீர்க்காதவருக்காக அண்டை வீட்டுக் கிணறு விலை கொடுக்கிறது. சில வேளைகளில், முன்பின் அறியாத ஒரு தொழிலாளியின் குடும்பம் விலை கொடுக்கிறது.

உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எந்த ஆண்டு திறந்தீர்கள் என்பது நினைவிருக்கிறதா? நினைவில்லை என்றால், திறக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.